உருவம் ஒன்று, பாட்டு வேறு: காதல் அழைப்பை வைத்துப் புதிய பூச்சி இனங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

இந்திய வயல்களில் ஒரு பூச்சி பல ஆண்டுகளாக வேறொரு பூச்சியின் பெயரில் வேலை பார்த்துவந்தது. அந்தப் பெயர்க் குழப்பம் தீர்ந்தது 2010-ல். தீர்த்துவைத்தது, இணை தேடும்போது அது போடும் பாட்டு.

இளம்பச்சை உடல், தங்கம் போல மின்னும் கண்கள், வலை பின்னியது மாதிரியான மெல்லிய இறக்கைகள். இதுதான் கண்ணாடி இறக்கைப் பூச்சி. வேளாண் துறையினர் ‘கிரைசோபெர்லா’ என்பார்கள். வளர்ந்த பூச்சி தேனையும் மகரந்தத்தையும் சாப்பிட்டுவிட்டுச் சாதுவாக இருக்கும். அதன் புழு அப்படியில்லை. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி என்று கையில் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதனால் ஆய்வகங்களில் இதை வளர்த்து, பூச்சிக்கொல்லிக்குப் பதிலாக வயல்களில் விடுகிறார்கள்.

இந்தியாவில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் இதன் பெயர் ‘கிரைசோபெர்லா கார்னியா’ என்றே இருந்தது. அது ஐரோப்பாவில் பெயர் சூட்டப்பட்ட இனம். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்ததால் யாருக்கும் பெரிய சந்தேகம் வரவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் ஹென்றி, பெங்களூரு பூச்சியியல் ஆய்வாளர் டி.வெங்கடேசன் உள்ளிட்ட குழுவினர் இந்தியப் பூச்சிகளின் பாட்டைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். ஐரோப்பியப் பூச்சியின் பாட்டோடு அது ஒத்துப்போகவில்லை. ஆச்சரியமாக, தென்னாப்பிரிக்காவில் வாழும் ஓர் இனத்தின் பாட்டோடு ஒத்துப்போனது. இன்று நம் வயல் நண்பனின் சரியான பெயர் ‘கிரைசோபெர்லா சஸ்ட்ரோவி சில்லெமி’.

வாயில் நுழையாத இந்தப் பெயருக்காகவா இவ்வளவு பாடு? பூச்சிக்குப் பாடத் தெரியுமா? பாட்டை வைத்து இனத்தைச் சொல்வது நம்பகமானதுதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூச்சிகள் எப்படிப் பாடுகின்றன?

பூச்சிகளுக்கு நம்மைப் போலக் குரல்வளை கிடையாது. உடம்பே வாத்தியம்.

இரவில் கிரீச்சிடும் சுவர்க்கோழியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘கிரிக்கெட்’ எனப்படுவது இதுதான். ஆண் பூச்சியின் ஒரு முன்னிறக்கையில் அரம் போல வரிசையாகப் பற்கள் இருக்கும். இன்னொரு இறக்கையின் விளிம்பு அந்தப் பற்களின் மேல் உரசும். சீப்பின் பற்களை விரல் நகத்தால் வருடினால் ‘ட்ர்ர்’ என்று வருமே, அதே தத்துவம். இறக்கையின் மெல்லிய பகுதி அதிர்ந்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கும். இதைக் கேட்கும் காது பெண் பூச்சிக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? முன்னங்கால்களில்!

சிகாடா எனப்படும் சிள்வண்டின் வழி வேறு. அதன் வயிற்றின் இருபுறமும் வரிவரியான சவ்வு உண்டு. தசை இழுக்கும்போது அது உள்ளே மடங்கும், விட்டதும் வெளியே புடைக்கும். தகர டப்பாவின் மூடியை அமுக்கி விட்டால் ‘டக் டக்’ என்று கேட்பது போலத்தான். இது நொடிக்குப் பல நூறு முறை நடக்கும்போது காதைத் துளைக்கும் ரீங்காரமாகிறது. வெட்டுக்கிளிகளில் பல வகைகள் பின்னங்காலை இறக்கையில் உரசிப் பாடுகின்றன.

கண்ணாடி இறக்கைப் பூச்சியின் பாட்டு நம் காதுக்கே எட்டாது. அது இலையில் உட்கார்ந்துகொண்டு வயிற்றை மேலும் கீழுமாக வேகமாக ஆட்டும். வயிறு இலையில் படுவதில்லை. ஆனாலும் அதிர்வு கால்கள் வழியாக இலைக்கும் தண்டுக்கும் இறங்கி, பக்கத்தில் இருக்கும் இன்னொரு பூச்சியின் கால்களைத் தொடும். போனை வைப்ரேட் மோடில் மேசை மேல் வைத்தால் மேசையில் கை வைத்திருப்பவருக்குத் தெரியுமே, அது மாதிரி. உண்மையில், சத்தம் போடும் பூச்சிகளைவிட இப்படிச் செடி வழியே ‘வைப்ரேட்’ செய்யும் பூச்சிகள்தான் அதிகம். நாம் அமைதியானது என்று நினைக்கும் ஒரு வயலில் செடிக்குச் செடி பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

பாட்டுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்?

உயிரியலில் இனம் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. இயற்கையில் தங்களுக்குள் இணைந்து, மேலும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய வாரிசுகளை உருவாக்கும் கூட்டம் ஓர் இனம். அப்படியென்றால், யார் யாரோடு இணைவது என்பதைத் தீர்மானிக்கும் விஷயம் எதுவோ, அதுவே இனத்தின் எல்லைக்கோடு. இரவில் கூவும் பூச்சிகளுக்கு அந்தக் கோடு பெரும்பாலும் பாட்டுதான். இருட்டில் முகமா தெரியும்?

பெண் பூச்சி கவனிப்பது இனிமையை அல்ல, கணக்கை. நொடிக்கு எத்தனை துடிப்பு, எத்தனை துடிப்புக்கு ஓர் இடைவெளி, சுருதி எவ்வளவு என்று பார்க்கும். தன் இனத்தின் கணக்கோடு பொருந்தினால் நெருங்கிப் போகும், இல்லையென்றால் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதை நிரூபித்ததில் ஒரு பழைய சோதனை சுவாரசியமானது. 1913-ல் இவான் ரீகன் என்ற விஞ்ஞானி, ஆண் சுவர்க்கோழியின் பாட்டைத் தொலைபேசி வழியாக வேறோர் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் சுவர்க்கோழி நேராக ரிசீவரை நோக்கி நடந்துபோனது. ஆணின் உருவமும் இல்லை, வாசனையும் இல்லை, சத்தம் மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது.

கண்ணாடி இறக்கைப் பூச்சிகள் இன்னும் ஒருபடி மேல். அங்கே ஆண், பெண் இரண்டும் ஒரே பாட்டை மாறி மாறிப் பாட வேண்டும். இந்த டூயட் அச்சுப் பிசகாமல் பொருந்தினால்தான் கல்யாணம். உலகின் வடபாதி முழுக்க ஒரே ‘கார்னியா’ இனம் பரவியிருக்கிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். பாட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு, அந்த ஒரே பெயருக்குள் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. இப்படி உருவத்தில் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவற்றை ‘மறை இனங்கள்’ என்கிறார்கள்.

இப்படி வேறு என்னென்ன சிக்கியிருக்கின்றன?

*ஒன்று 35 ஆன கதை:* 1915-ல் அமெரிக்க நிபுணர்கள் இருவர், வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் வயல் சுவர்க்கோழிகள் எல்லாமே ஒரே இனம் என்று முடிவுகட்டினார்கள். மியூசியத்தில் ஊசி குத்தி வைத்த பூச்சிகளைப் பார்த்து எடுத்த முடிவு அது. செத்த பூச்சி பாடாதே! வட கரோலினாவில் பி.பி.ஃபுல்டன் என்பவர் உயிருள்ள பூச்சிகளைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரே மாநிலத்துக்குள் நான்கு விதமான கூட்டங்கள் இருந்தன. பாடும் விதம், பாடும் பருவம், வாழும் இடம் ஆகியவற்றில் அவை வேறுபட்டன. அவற்றைக் கலந்து வளர்த்துப் பார்த்தார், கலப்பினம் உருவாகவில்லை. 1952-ல் அதை வெளியிட்டார். அந்த வழியில் தொடர்ந்த வேலையின் உச்சம் 2019-ல் வந்தது. டேவிட் வைஸ்மன், டேவிட் கிரே இருவரும் அமெரிக்காவில் மட்டும் 35 வயல் சுவர்க்கோழி இனங்களைப் பட்டியலிட்டார்கள். அதில் 17 அதுவரை பெயரே இல்லாதவை. பாட்டு, மரபணு, வாழிடம், வாழ்க்கைச் சுழற்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவு அது.

*13 ஆண்டு ரகசியம்:* அமெரிக்காவில் ஒரு வகை சிள்வண்டு 13 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்துவிட்டு ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் வெளியே வரும். 1998-ல் அப்படி வந்த கூட்டத்தைக் கவனித்த டேவிட் மார்ஷல், ஜான் கூலி இருவருக்கும் ஒரே இடத்தில் இரண்டு சுருதிகள் கேட்டன. ஒன்று கொஞ்சம் தாழ்ந்தது, இன்னொன்று உயர்ந்தது. இரண்டும் தனித்தனி இனம் என்று 2000-ல் அறிவித்தார்கள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிய இனம் தனியாக வாழும் பகுதிகளில் அதன் சுருதி அவ்வளவு உயரமில்லை. பழைய இனத்தோடு கலந்து வாழும் பகுதிகளில்தான் சுருதியைக் கூட்டுகிறது. ஆள் மாறிப்போய்விடக் கூடாது என்ற நெருக்கடி பாட்டையே மாற்றியிருக்கிறது.

*ஹவாயின் குட்டிப் பாடகர்கள்:* ஹவாய்த் தீவுகளில் ‘லௌபாலா’ என்ற சுவர்க்கோழிப் பேரினத்தில் 38 இனங்கள் உள்ளன. சாப்பாடு, வாழிடம், தோற்றம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். துடிப்பின் வேகம் மட்டும் இனத்துக்கு இனம் மாறும். 2005-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, பூச்சிகள் அடங்கிய கணுக்காலிகளிலேயே மிக வேகமாகப் புதிய இனங்கள் பிரிந்த இடங்களில் இதுவும் ஒன்று என்று காட்டியது. பாட்டு முதலில் பிரிகிறது, உருவம் பிறகு சாவகாசமாக வருகிறது.

விஞ்ஞானிகள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

முதல் படி, ஒலிப்பதிவு. காற்றில் வரும் பாட்டுக்கு நல்ல மைக் போதும். இலை வழியே போகும் அதிர்வுக்கு லேசர் கருவி தேவை. இலையில் படும் லேசர் ஒளி திரும்பி வருவதை வைத்து, இலை எவ்வளவு நடுங்கியது என்று அது அளந்துவிடும்.

இரண்டாவது, பாட்டைப் படமாக்குவது. நேரத்தைக் கிடையாகவும் சுருதியைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால் ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ கிடைக்கும். காதுக்கு ஒன்று போலக் கேட்கும் இரண்டு பாட்டுகளின் வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, தெர்மாமீட்டர்! பூச்சிகளுக்கு நம்மைப் போல நிலையான உடல் வெப்பம் இல்லை. வெப்பம் கூடினால் பாட்டின் வேகமும் கூடும். சுவர்க்கோழியின் சத்தத்தை எண்ணியே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்று 1897-லேயே அமோஸ் டால்பேர் சூத்திரம் எழுதினார். ஆகவே 20 டிகிரியில் பதிவான பாட்டையும் 30 டிகிரியில் பதிவான பாட்டையும் அப்படியே ஒப்பிட்டால், ஒரே இனம் இரண்டாகத் தெரியும். வெப்பநிலை குறிக்கப்படாத ஒலிப்பதிவுக்கு மதிப்புக் குறைவு.

நான்காவது, சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது. பதிவுசெய்த பாட்டைப் பெண் பூச்சிக்குப் போட்டுக் காட்டுவார்கள். இரண்டு ஸ்பீக்கரில் இரண்டு பாட்டு, எதை நோக்கிப் போகிறது என்று கவனிப்பார்கள். வித்தியாசம் நமக்குத் தெரிவது முக்கியமில்லை, பூச்சிக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி.

கடைசியாக மரபணுச் சோதனை, உடலமைப்பு ஒப்பீடு, பெயர் சூட்டல். இங்கே ஒரு விதி உண்டு. வெறும் ஆடியோ ஃபைலை வைத்துக்கொண்டு புதிய இனத்தை அறிவித்துவிட முடியாது. சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, ஆதாரமாக ஒரு மாதிரிப் பூச்சியைக் குறிப்பிட வேண்டும். பாடிய பூச்சியையும் பாட்டையும் சேர்த்துப் பாதுகாப்பதுதான் நல்ல ஆய்வுக்கு அடையாளம்.

இந்தியாவிலும் இதற்கு வலுவான ஆய்வு மரபு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு, மேற்குத் தொடர்ச்சி மலையின் குதிரேமுக் காடுகளில் இரவுப் பூச்சிகளின் பாட்டுகளைத் தொகுத்தது. அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. பல இனங்கள் ஒரே நேரத்தில் கத்தும் காட்டில், ரெக்கார்டரை மட்டும் நம்புவதைவிட, பயிற்சி பெற்ற மனிதக் காது இனங்களைப் பிரித்தறிவதில் நன்றாகவே வேலை செய்தது.

சரி, இதெல்லாம் எதுக்கு?

நெல் விவசாயிகளுக்குப் புகையான் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். தூர்ப்பகுதியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரைத் தீய்ந்தது போல ஆக்கிவிடும் பூச்சி இது. இதே பூச்சி வயலோரத்தில் வளரும் ஒருவகைப் புல்லிலும் காணப்பட்டது. அப்படியென்றால் புல்லில் பெருகி நெல்லுக்குத் தாவுமா? புல்லை அழிக்க வேண்டுமா?

மைக்கேல் கிளாரிட்ஜ் தலைமையிலான பிரிட்டிஷ் குழு பிலிப்பைன்ஸ் பூச்சிகளை வைத்து இதை ஆராய்ந்தது. புகையானும் தண்டு வழியே அதிர்வு அனுப்பித்தான் இணை தேடும். நெல்லில் இருந்தவற்றின் துடிப்பு வேகமும் புல்லில் இருந்தவற்றின் துடிப்பு வேகமும் வேறு வேறாக இருந்தன. சுதந்திரமாக விட்டால் தத்தம் கூட்டத்திலேயே இணை தேடின. இரண்டும் தனித்தனி இனமாகவே நடந்துகொள்கின்றன என்று 1985-ல் எழுதினார்கள். புல்லில் இருப்பது நெல்லுக்கு எதிரி இல்லை என்றால், அதன் மேல் மருந்து அடிப்பது வீண் செலவு. கூடவே, அங்கே இருக்கும் நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் இதே கணக்குதான். எந்த வெப்பத்தைத் தாங்கும், எந்தச் செடியில் முட்டையிடும், எந்த மருந்துக்குச் சாகும் என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறக்கூடியவை. ஐரோப்பிய இனத்தின் ஆய்வு முடிவை நம் ஊர் இனத்தின் மேல் ஏற்றினால் கணக்கு தப்பும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய் விடும்போது, அங்குள்ளவற்றோடு டூயட் பொருந்தவில்லை என்றால் அவற்றோடு இணையாது.

ஒரு பாட்டு அறியப்பட்டிருப்பதால் வேறு குழப்பங்களும் தீரும். கியூபாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் மர்மமான சத்தம் கேட்டு உடல்நலம் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது நினைவிருக்கலாம். ‘சோனிக் ஆயுதம்’ என்றுகூடப் பேச்சு எழுந்தது. அந்தச் சத்தம் என்று 2017-ல் வெளியான ஒலிப்பதிவை அலெக்சாண்டர் ஸ்டப்ஸ், பெர்னாண்டோ மான்டேயலெக்ரே ஆகிய இருவரும் அலசினார்கள். 2019-ல் வந்த அவர்களின் முடிவு: அது கரீபியன் பகுதியில் வாழும் ஒரு குட்டைவால் சுவர்க்கோழியின் காதல் பாட்டு, அறைச் சுவர்களில் எதிரொலித்த வடிவம். ஊழியர்களின் உடல்நலக் குறைவு தனி விவாதம். அந்த ஆடியோவின் சொந்தக்காரரை அடையாளம் காட்டியது பூச்சியியல்.

பாட்டை மட்டும் நம்பினால் போதுமா?

போதாது. மூன்று காரணங்கள்.

ஒன்று, தொடர்பில்லாத இரண்டு இனங்களுக்கு ஒரே மாதிரிப் பாட்டு அமையலாம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பா, ஆசியாவிலும் தனித்தனியாக உருவான சில கண்ணாடி இறக்கைப் பூச்சிகளின் பாட்டுகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகின்றன. கண்டங்கள் வேறு என்பதால் அவை சந்தித்துக்கொள்வதில்லை. அதனால் அவற்றுக்குக் குழப்பமில்லை, நமக்குத்தான் குழப்பம்.

இரண்டு, பாட்டு தொலைந்தும் போகும். ஹவாயின் கவாய் தீவில் ஒரு சுவர்க்கோழி இனத்தை, அதன் பாட்டைக் கேட்டே தேடிவரும் ஓர் ஒட்டுண்ணி ஈ வேட்டையாடியது. அந்த ஈயின் குஞ்சுகள் சுவர்க்கோழியை உள்ளிருந்தே தின்றுவிடும். சுமார் 20 தலைமுறைகளுக்குள் அங்குள்ள ஆண்களில் பெரும்பாலானவை சத்தம் எழுப்ப முடியாத தட்டை இறக்கையோடு பிறக்க ஆரம்பித்தன. மார்லின் ஸுக் குழு 2006-ல் இதை வெளியிட்டது. பாடாததால் அது வேறு இனமாகிவிடவில்லை. பாட்டை மட்டும் வைத்துக் கணக்கெடுத்தால் அந்தத் தீவில் அந்த இனமே அழிந்துவிட்டது என்று எழுதியிருப்போம்.

மூன்று, சூழல். ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓரம் வாழும் ஒருவகை வெட்டுக்கிளி, வாகன இரைச்சலைத் தாண்டிக் கேட்பதற்காகத் தன் பாட்டின் தாழ்ந்த பகுதியை உயர்த்திப் பாடுவதை 2012-ல் கண்டறிந்தார்கள். அதே இனம், இடம் மட்டும் வேறு.

அதனால்தான் ஆய்வாளர்கள் பாட்டை முதல் துப்பாக வைத்துக்கொண்டு, மரபணு, உடலமைப்பு, வாழிடம் என்று மற்ற சாட்சிகளையும் விசாரிக்கிறார்கள்.

உங்கள் போனில் என்ன செய்யலாம்?

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் 10 லட்சம். மொத்தம் 55 லட்சம் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பெயரே இல்லாத ஓர் இனம் அழிந்தால், அழிந்ததுகூட யாருக்கும் தெரியாது. அபாயப் பட்டியலில் சேர்க்கவும், அதன் காட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

மொட்டை மாடியிலோ மலைப் பயணத்திலோ பூச்சிச் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். முடிந்தால் டபிள்யூஏவி வடிவத்தில் பதிவாகும் செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் உயர்ந்த சுருதிகள் வெட்டுப்பட்டுவிடும். இடம், தேதி, நேரம் ஆகியவற்றோடு அப்போதைய வெப்பநிலையையும் மறக்காமல் எழுதிவையுங்கள். டார்ச் அடித்துத் தேடிப் பிடித்து ஒரு போட்டோவும் எடுத்தால் அந்தப் பதிவின் மதிப்பு பல மடங்கு கூடும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒலிப்பதிவையும் ஏற்றலாம். பறவை ஒலிகளுக்குப் பெயர்பெற்ற ஸீனோ-கேன்டோ தளமும் இப்போது வெட்டுக்கிளி, சுவர்க்கோழி ஒலிகளை ஏற்கிறது.

ஒரு வரம்பும் உண்டு. போனில் உள்ள மைக் பெரும்பாலும் மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலிகளுக்காகச் செய்யப்பட்டது. வெட்டுக்கிளியின் உறவுக்காரப் பூச்சிகளில் பல அதற்கும் மேலே, மீயொலியில் பாடுபவை. இலை வழியே அதிர்வு அனுப்புபவையும் போனில் சிக்காது. அவற்றுக்குத் தனிக் கருவிகள் வேண்டும். மற்றபடி, உங்கள் தெருவில் இன்றிரவு கத்தும் சுவர்க்கோழியைப் பதிவுசெய்ய உங்கள் கையில் இருக்கும் போனே போதும்.